அறை நேரில் அழகு, படத்தில் இல்லை: விடுதிப் படங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

அறை நேரில் பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. படம் எடுத்தால் மட்டும் களையிழந்து போகிறது. விடுதி நடத்துகிறவர்களின் வழக்கமான புலம்பல் இது. பழி முதலில் கேமரா மேல் விழும். புது கேமரா வாங்கிய பிறகும் அதே படம்தான் வரும். ஏனென்றால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை கேமராவுக்குள் பிறப்பதில்லை. விளக்கில், திரைச்சீலையில், படுக்கை விரிப்பில், எடுத்த நேரத்தில் பிறக்கின்றன. அங்கேயே பிடித்தால் ஐந்து நிமிட வேலை. எடிட்டிங்கில் துரத்தினால் அரை நாள் போகும், அப்படியும் தடம் தெரியும்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. படத்தைப் பெரிய திரையில் திறந்து வையுங்கள். எந்தக் குறை முதலில் உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரே படத்தில் நான்கைந்து குறைகள் இருந்தால் வெளிச்சம் சம்பந்தப்பட்டதை முதலில் எடுங்கள். அது சரியானால் மற்றவற்றில் சில தாமாகவே விலகிவிடும்.

அதற்கு முன் இரண்டே சோதனைகள். ஒன்று, லென்ஸைத் துடைத்தீர்களா? ஃபோனில் எடுத்த படம் பால் படர்ந்த மாதிரி மங்கி, விளக்குகளைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் இழுத்தால், விரல் எண்ணெய்தான் காரணம். சுத்தமான மெல்லிய துணி போதும். இரண்டு, நீங்கள் பார்ப்பது கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைலா, வாட்ஸ்அப்பில் கைமாறி வந்ததா? அசல் நன்றாக இருந்து, ஏற்றிய பிறகுதான் கெட்டதென்றால், நேராகக் கடைசிக்கு முந்தைய தலைப்புக்குப் போய்விடுங்கள்.

ஜன்னல் வெறும் வெள்ளை, அல்லது ஜன்னல் தெரிகிறது அறை இருட்டு

விடுதிப் படங்களில் அதிகம் வரும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நம் கண் ஜன்னலைப் பார்க்கும்போது சுருங்கிக்கொள்ளும், அறையின் மூலையைப் பார்க்கும்போது விரிந்துகொள்ளும். மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகக் காட்டிவிடுகிறது. கேமராவோ ஒரு கிளிக்கில் ஓர் அளவு வெளிச்சத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நண்பகலில் வெளியே இருக்கும் ஒளி அறைக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. இரண்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்க முயன்றால் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகும்.

முதலில் ஒரு கேள்வி: அந்த ஜன்னலுக்கு வெளியே காட்ட வேண்டிய எதுவும் இருக்கிறதா? பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் ஏசி இயந்திரங்களும்தான் என்றால் சண்டையே வேண்டாம். மெல்லிய வெள்ளைத் திரையை மூடிவிடுங்கள். ஜன்னல் முழுவதும் மென்மையான ஒரு பெரிய விளக்காக மாறிவிடும், அறைக்குள் நிழலும் இளகும். பாதித் திரை திறந்து பாதி மூடி வைப்பதுதான் மோசம். தரையில் ஒரு வெயில் பட்டை விழுந்து, பார்ப்பவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

கடலோ மலையோ தெரிகிறது, அதற்காகத்தான் அந்த அறைக்குக் கட்டணமே அதிகம் என்றால், நேரத்தை மாற்றுங்கள். சூரியன் மறைந்த பிறகு வெளி வெளிச்சம் மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் அறை விளக்குகளின் வெளிச்சத்தோடு சமமாகும். அந்தச் சில நிமிடங்களில் எடுத்தால் ஒரே கிளிக்கில் இரண்டும் கிடைக்கும். முன்கூட்டியே ட்ரைபாடை நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள். எது சமநிலை என்று பிறகு திரையில் பார்த்து முடிவு செய்யலாம். இதில் ஒரு சிக்கல், ஒரு மாலையில் ஓர் அறைதான் ஆகும். இருபது அறை வகைகள் இருந்தால் நடக்காது.

அப்போது வேறு வழி: ட்ரைபாடில் கேமராவை அசையாமல் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) ஒரே இடத்தில் பூட்டி, ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரத்தை) மட்டும் இரண்டு ஸ்டாப் இடைவெளியில், அதாவது நான்கு மடங்கு வெளிச்ச வித்தியாசத்தில், மாற்றி மூன்று அல்லது ஐந்து படங்கள். ஒன்றில் ஜன்னல் சரியாக இருக்கும், ஒன்றில் படுக்கை, ஒன்றில் மேசைக்கு அடியில் உள்ள இருட்டு. பிறகு மென்பொருளில் சேர்க்கலாம். அப்பர்ச்சரை மாற்றினால் கூர்மை விழும் ஆழம் படத்துக்குப் படம் மாறிவிடும், சேர்க்கும்போது விளிம்புகள் ஒட்டாது. இடையில் ஏசி காற்றில் திரை ஆடினாலும் இதே தொல்லை. ஏசியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

ஃப்ளாஷ் கையில் இருந்தால் அதை நேராகப் படுக்கை மேல் அடிக்காதீர்கள். வெள்ளைக் கூரையிலோ பின்சுவரிலோ பட்டுத் திரும்பி வரும்படி அடியுங்கள். சுவர் மஞ்சளோ பச்சையோ என்றால் திரும்பும் ஒளியும் அந்த நிறத்தைச் சுமந்துகொண்டுதான் வரும்.

ஃபோனில் எடுக்கிறவர்கள் திரையில் ஜன்னலைத் தொட்டு, எக்ஸ்போஷரை (படம் வாங்கும் வெளிச்சத்தின் அளவை) கொஞ்சம் கீழே இழுத்து எடுங்கள். இப்போதைய ஃபோன்கள் பல ஷாட்களைத் தாமாகவே சேர்த்துக்கொள்கின்றன. இருட்டை ஓரளவு மீட்கலாம். வெள்ளையாக எரிந்து போன ஜேபெக் படத்தில் ஜன்னலை மீட்க வழியே இல்லை. அங்கே பதிவாகியிருந்தால்தானே எடுப்பதற்கு.

எல்லாம் தெரிகிறது, ஆனால் படம் செயற்கையாக இருக்கிறது

மேலே சொன்ன வைத்தியத்தின் பக்கவிளைவு. பல ஷாட்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் மென்பொருளின் எல்லாப் பட்டன்களையும் கடைசிவரை தள்ளியிருப்பார்கள். நிழலே இருக்காது, சுவர் சாம்பலாகும், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். சோதனை எளிது: கட்டிலுக்கு அடியில் நிழல் இருக்கிறதா? இல்லையென்றால் கட்டில் தரையில் நிற்காமல் மிதக்கும்.

நிழலை உயர்த்தியதைப் பாதியாகக் குறையுங்கள். ஜன்னலும் அறையைவிடக் கொஞ்சம் பிரகாசமாகத்தான் இருக்க வேண்டும். வெளியே பகல், உள்ளே அறை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் கடற்கரைச் சுவரொட்டியை ஒட்டி வைத்ததாகத் தோன்றும்.

வெள்ளை விரிப்பு ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்

படுக்கையறை விளக்குகள் பெரும்பாலும் 2700 முதல் 3000 கெல்வின் வரை, அதாவது மஞ்சள் சாயல். (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்.) பகல் வெளிச்சம் 5500 கெல்வின் சுற்றுவட்டாரம். வெயில் படாத பக்கத்து ஜன்னலில் வருவது இன்னும் நீலம். இரண்டும் ஒரே விரிப்பில் விழும்போது வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) எதற்கு ஒத்துப்போகும்? மஞ்சளைச் சரிசெய்தால் ஜன்னலோரம் நீலமாகும், நீலத்தைச் சரிசெய்தால் தலையணை ஆரஞ்சாகும்.

யார் குற்றவாளி என்று பார்க்க, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். விரிப்பு சுத்தமான வெள்ளையாக வந்தால் விளக்குகள்தான். அப்போதும் சாயல் இருந்தால் சுற்றிலும் பாருங்கள்: சிவப்புத் திரைச்சீலையில் வெயில் பட்டால் அறை முழுக்கச் செம்மை படரும். வெளியே பெரிய புல்வெளி இருந்தால் கூரை பச்சையாகும்.

பகலில் எடுக்கும் அறைப் படத்துக்கு விளக்குகளை அணைத்துவிடுங்கள், மாலையில் எடுப்பதற்கு எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. விளக்கு எரிந்தால்தான் அறைக்குக் கதகதப்பு வரும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு விளக்குகளுக்கென்று தனியாக ஒரு படம் எடுத்து, அதிலிருந்து விளக்குப் பகுதியை மட்டும் பகல் படத்தில் சேர்க்கும் பொறுமை வேண்டும்.

இன்னொரு விஷயம் ஹவுஸ்கீப்பிங் சார்ந்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு; ஒன்றில் பல்பு போய், கையில் கிடைத்த வெள்ளை பல்பை மாட்டியிருப்பார்கள். நேரில் பார்க்கும்போது யாரும் கவனிப்பதில்லை. படத்தில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள் என்று உடனே தெரியும். படம் எடுக்கும் நாளைக்கு முன்பே ஒருவர் ஒவ்வோர் அறையாகப் போய் பல்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தாழ்வாரங்களில் பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்இடிகளும் பச்சைச் சாயல் விடும். கெல்வினை மாற்றினால் அது போகாது. எடிட்டிங்கில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை-மெஜந்தா பட்டியை மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். ரா ஃபார்மட்டில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூல ஃபைலாக) எடுத்திருந்தால் இந்தத் திருத்தம் எல்லாம் சேதாரமில்லாமல் நடக்கும்.

சுவர்களும் கதவுகளும் சாய்ந்து நிற்கின்றன

கேமராவைக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாய்த்திருக்கிறீர்கள். நின்றபடி கண் உயரத்தில் பிடித்தால் தரை தெரிய வேண்டும் என்று கை தானாகவே கீழே சாயும். சாய்ந்த உடனே செங்குத்துக் கோடுகள் கீழே குவிந்துவிடும்.

கேமராவை 1.1 முதல் 1.3 மீட்டர் உயரத்துக்கு இறக்கி, முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக வையுங்கள். அந்த உயரத்தில் படுக்கையின் மேற்பரப்பும் தெரியும், கூரை அதிகமாகவும் வராது. ஃபோனில் கட்டக்கோடுகளை இயக்கி, கதவு நிலையின் விளிம்பை ஒரு கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். கட்டட வேலையே தொழிலாகக் கொண்டவர்கள் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். உயரமான லாபிக்கும் முகப்புக்கும் அது சொகுசு. மற்றவர்கள் மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள்.

அறை மைதானமாகத் தெரிகிறது, ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபடுகிறது

மூலையில் இருக்கும் உருண்டையான விளக்குக் கூட்டைப் பாருங்கள். முட்டையாக நீண்டிருந்தால் லென்ஸ் அளவுக்கு மீறி அகலம். லென்ஸின் அகலத்தை மி.மீ.யில் சொல்வார்கள், எண் குறையக் குறைய காட்சி அகலும். ஃபோனில் 0.5 என்று காட்டும் லென்ஸ் ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) கணக்கில் சுமார் 13 மி.மீ.; சாதாரண 1 என்பது 24 முதல் 26 மி.மீ. வரை. அறைக்குள் 20 முதல் 28 மி.மீ. வரைக்கும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். 16 மி.மீ.க்குக் கீழே போனால் கட்டிலின் கால்மாடு பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும், தலைமாடு எங்கோ தூரத்தில் இருக்கும்.

அகல லென்ஸில் சின்ன அறையைப் பெரிதாகக் காட்டுவது தந்திரம் என்று நினைக்கிறார்கள். வருகிறவர் பெட்டியைத் திறக்க இடமில்லாமல் நிற்கும்போது அந்தத் தந்திரம் விமர்சனமாகத் திரும்பி வரும்.

சின்ன அறைக்கு என் வைத்தியம், முழு அறையையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசையை விடுவது. கதவைத் திறந்து வைத்துத் தாழ்வாரத்திலிருந்து எடுங்கள். அலமாரி நகரக்கூடியதானால் நகர்த்திவிட்டு முதுகைச் சுவரில் ஒட்டி எடுங்கள். அல்லது ஒரு சுவரை மட்டும் நேர் எதிரே நின்று எடுங்கள்: தலைமாடு, இரண்டு விளக்கு, மேலே ஒரு ஓவியம். இரண்டு மூன்று படங்கள் சேர்ந்து அறையைச் சொல்லட்டும். அறையின் பரப்பளவைப் பக்கத்தில் எழுத்திலேயே போட்டுவிடலாம்.

படுக்கை கசங்கித் தெரிகிறது

நேரில் நன்றாகத்தான் விரித்திருப்பார்கள். பக்கவாட்டு ஜன்னல் ஒளி ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அறைப் படத்தில் மிகப் பெரிய பொருள் கட்டில், அதுவும் வெள்ளை. ஒரு சுருக்கம் கூடத் தப்பாது.

சலவையிலிருந்து வந்த விரிப்பில் கட்டம் கட்டமாக மடிப்புக் கோடுகள் இருக்கும். கையால் நீவினால் போகாது. கட்டிலில் விரித்த பிறகு, கையடக்க ஸ்டீமரைக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டி, ஈரம் இருக்கும்போதே ஓரத்தைப் பிடித்து இழுத்து மெத்தைக்கு அடியில் செருகுங்கள். நான்கு மூலையையும் இழுக்க வேண்டியதில்லை, கேமரா பார்க்கும் இரண்டு பக்கம் இறுக்கமாக இருந்தால் போதும். இழுத்த தளர்ச்சியெல்லாம் பின்பக்கம் போய்ச் சேரட்டும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

தலையணை உறையின் திறந்த வாய் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஜிப், சலவைக் குறி, துணி லேபிள் எதுவும் தெரியக்கூடாது. மேல் போர்வை தட்டையாகச் சோர்ந்து கிடந்தால் உறைக்குள் இன்னொரு போர்வையைச் சேர்த்துத் திணியுங்கள், உப்பிக்கொள்ளும். பிறகு கேமராவின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத ஒன்று இப்போது தெரியும்: மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே பிதுங்கும் துணி, தரையைத் தொடாமல் ஒரு பக்கம் ஏறி நிற்கும் கட்டில் பாவாடை, அடியில் எட்டிப் பார்க்கும் ஒயர்.

எல்லாம் முடிந்ததும் யாரும் கட்டிலில் உட்காரக் கூடாது. கேமரா பையைக் கூட அதன் மேல் வைக்காதீர்கள். சொன்னாலும் யாராவது ஒருவர் வைப்பார். ஆகவே படுக்கையைக் கடைசியாகத் தயார் செய்யுங்கள்.

கண்ணாடியில் படமெடுப்பவர் தெரிகிறார்

பாத்ரூமில் இதைத் தவிர்க்கவே முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். விதி எளிமையானது: நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கண்ணாடியில் லென்ஸ் தெரிந்தால், லென்ஸுக்கும் உங்கள் முகம் தெரியும். ஒரு பக்கமாக நகர்ந்து, லென்ஸ் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டும் இடம் வரை போங்கள். பெரும்பாலும் கதவு நிலையை ஒட்டிய ஓரம் சரியாக வரும். கேமராவை அங்கே வைத்து, பத்து விநாடி டைமர் போட்டு, நீங்கள் வெளியே போய்விடலாம்.

சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால் இரண்டு படம். முதல் படம் வேண்டிய கோணத்தில். அடுத்ததில் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி, கண்ணாடிக்குள் கேமரா மறைத்த பகுதி சுத்தமாகத் தெரியும்படி. பிறகு அந்தத் துண்டை மட்டும் முதல் படத்தில் வைத்துப் பொருத்துங்கள். குரோம் குழாய், அணைத்த டிவி, கண்ணாடி போட்ட ஓவியம், ஷவர் கதவு, இவையும் கண்ணாடிகள்தான். படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிக் குழாயைப் பாருங்கள், சட்டையின் நிறம் கூடத் தெரியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவது அதனால்தான்.

அங்கே நிற்கும்போதே மற்றதையும் முடித்துவிடுங்கள். கமோடு மூடி மூடியிருக்கட்டும். குப்பைக்கூடை, கழிப்பறை பிரஷ், தரை துடைக்கும் குச்சி வெளியே போகட்டும். துண்டின் மடிப்பு முனை சுவர்ப்பக்கம் திரும்பட்டும். ஷவர் கண்ணாடியில் காய்ந்த நீர்த்துளித் தடம் இருந்தால் விளக்கைப் போட்ட பிறகு துடையுங்கள், இருட்டில் துடைத்தால் பாதி அப்படியே இருக்கும்.

படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள்

எல்இடி, குழல் விளக்குகளின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடிக்கு மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120. கேமராவில் சைலன்ட் ஷட்டர் இயங்கினால் அதை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். டிம்மர் உள்ள விளக்கை முழுப் பிரகாசத்துக்கு ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். ட்ரைபாடில் அரை விநாடிக்கு மேல் திறந்து எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மங்கல், மணல் தூவியது போன்ற புள்ளிகள்

இரண்டும் வேறு வேறு. புள்ளிகள் என்றால் ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) எகிறியிருக்கிறது. ஃபைலின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 1600, 3200 என்று இருந்தால் கையில் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். அறை ஓடப் போவதில்லை, ட்ரைபாடில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8, ஷட்டர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

மங்கல் என்றால், ட்ரைபாடில் வைத்தும் வந்ததா? பட்டனை விரலால் அழுத்தியிருப்பீர்கள். இரண்டு விநாடி டைமர் போடுங்கள். மரத்தரையில் யாராவது நடந்தாலும் அதிரும். எஃப்/16, எஃப்/22 என்று வைத்தால் எல்லாம் கூர்மையாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அந்த அளவுக்குத் துளையைச் சுருக்கினால் துளை விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கக் கூர்மை குறையும்.

வெளியே போன உடனே எடுத்த படங்கள் மட்டும் மொத்தமாகப் பனி மூட்டமாக இருந்தால் அது வேறு கதை. ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸ் ஈரக் காற்றைத் தொட்டதும் அதன் மேல் நீர் படியும். துடைத்தால் மறுபடி படியும். வெளியே எடுக்கப் போவதற்கு அரைமணி நேரம் முன்பே கேமராவை மூடிய பைக்குள் வைத்து வெளியே கொண்டுபோய், அது வெளி வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். நீச்சல் குளத்துப் படங்களை அறைப் படங்களுக்கு முன்பே முடித்துவிட்டால் இந்தக் காத்திருப்பே வேண்டாம்.

முகப்பு மங்கலாக, தட்டையாக இருக்கிறது

கட்டடம் எந்தத் திசை பார்க்கிறதோ அந்தத் திசையில் சூரியன் இருக்கும்போது எடுங்கள்: கிழக்குப் பார்த்ததைக் காலையில், மேற்குப் பார்த்ததை மாலையில். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தால் சுவர் இருட்டு, வானம் வெள்ளை. சூரியன் எப்போது எங்கே இருக்கும் என்று காட்டும் செயலிகள் உண்டு.

அந்தி நேரத்துப் படம் இன்னும் நன்றாக விற்கும். வானம் ஆழ்ந்த நீலம், ஜன்னல்களில் மஞ்சள் ஒளி. ஆனால் நேரம் குறைவு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரையிலான அந்தி, பூமத்திய ரேகைக்கு அருகே 20 முதல் 25 நிமிடம்தான். துருவப் பக்கம் போகப் போக நீளும். இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முகப்பு பார்த்த அறைகளில் எல்லாம் விளக்கெரிய வேண்டும், திரைகள் ஒரே அளவில் திறந்திருக்க வேண்டும், வாசலில் நிற்கும் கார்கள் நகர வேண்டும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி இருவரிடமும் மதியமே சொல்லி வைக்காவிட்டால் அந்தி போய்விடும், கார் அங்கேயே நிற்கும்.

பெயர்ப்பலகை மட்டும் வெள்ளையாக எரிந்து எழுத்து தெரியாவிட்டால், அதற்கென்று மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் இன்னொரு படம் எடுத்துப் பலகையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் குளத்தில் நீர் தெரியாமல் வானம் மட்டும் தெரிகிறது

நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பைப் போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டித் திருகும் கண்ணாடி) வெட்டும். நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அதன் பலன் உச்சம். ஆகவே குளக்கரையில் நின்றதும் வேலை செய்யும், எதிர் மாடியிலிருந்து நேர் கீழே பார்த்தால் பெரிதாக எடுபடாது. ஃபில்டரைத் திருகிக்கொண்டே பாருங்கள், தரை ஓடுகள் எப்போது தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள். மிக அகலமான லென்ஸில் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும். அப்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சூரியன் உயரத்தில் இருக்கும்போது நீரின் நிறம் தானாகவே தூக்கலாக இருக்கும். ஈரத் துண்டு கிடக்கும் நாற்காலிகளை நேர் வரிசையாக்க மறக்காதீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் உயிரில்லை

காலி அறை காலியாகத்தான் தெரியும். மேசை மேல் ஒரு திறந்த புத்தகம், பால்கனி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி வைப்பது, பக்கத்தில் ஒரு கோப்பை, போதும். பூங்கொத்து, பழத்தட்டு, ஷாம்பெய்ன், ரோஜா இதழ் எல்லாவற்றையும் ஒரே படுக்கையில் கொட்டாதீர்கள். அறையோடு கிடைக்காத எதையும் படத்தில் வைத்தால், வருகிறவர் அது எங்கே என்று கேட்பார்.

உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேசை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒளி பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வரும்படி எடுங்கள். ஆவி பறப்பது தெரிய வேண்டுமானால் ஒளி பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். ஆட்களை வைத்து எடுப்பதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தற்செயலாகக் குளத்தில் குளித்துக்கொண்டிருந்த விருந்தினரின் முகம் விளம்பரத்தில் வரக்கூடாது. குழந்தைகள் என்றால் பேச்சே இல்லை.

கேமராவில் நன்றாக இருந்தது, இணையத்தில் கெட்டுவிட்டது

நிறம் வெளிறியிருந்தால் படத்தின் வண்ண வெளியை (எந்த நிற வரம்பில் சேமிக்கப்பட்டது என்பதை) பாருங்கள். அடோபி ஆர்ஜிபி-யில் சேமித்திருப்பார்கள். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி-யில் மாற்றிச் சேமியுங்கள்.

விவரம் கலங்கியிருந்தால் படம் சின்னதாக இருக்கிறது, அல்லது வாட்ஸ்அப் வழியாக வந்து நசுங்கியிருக்கிறது. அசலை டிரைவிலோ பென்டிரைவிலோ வாங்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு முன்பதிவுத் தளத்துக்கும் தனி அளவு விதி உண்டு. கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் உங்கள் விடுதியின் பக்கம்) கேட்பது ஜேபெக் அல்லது பிஎன்ஜி, 10 கேபி முதல் 5 எம்பி வரை, பரிந்துரைக்கும் அளவு 720-க்கு 720 பிக்சல். கேமராவிலிருந்து வரும் முழு ஃபைல் பெரும்பாலும் 5 எம்பியைத் தாண்டும், சுருக்கித்தான் ஏற்ற வேண்டும்.

தேடல் பட்டியலில் படம் தலை வெட்டிக் காட்டப்பட்டால் காரணம் அமைப்பு. தளம் ஓரத்தை வெட்டிச் சின்னதாகக் காட்டும், முக்கியமானது ஓரத்தில் இருந்தால் போய்விடும். முதல் படமாக வைக்கப் போவதை நாலுக்கு மூன்றாகவும் சதுரமாகவும் நீங்களே வெட்டிப் பாருங்கள். பிறகு ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் இது படுக்கையா குளமா என்று புரிந்தால் அதுதான் முதல் படம். படத்தின் மேல் பெயர், ஃபோன் எண், தள்ளுபடி வாசகம் எழுதுவதை விட்டுவிடுங்கள். பல தளங்கள் ஏற்பதில்லை, ஏற்றாலும் சின்ன அளவில் அழுக்காகத்தான் தெரியும்.

படம் அழகு, வந்தவர் 'படத்தில் பார்த்தது இது இல்லை' என்கிறார்

இங்கே கேமராவை விட்டுவிட்டு ஏற்றிய பட்டியலை எடுங்கள். அடிக்கடி நடப்பது: மிக நல்ல அறையின் படத்தை எல்லா வகை அறைகளின் கீழும் போட்டிருப்பார்கள். தரைத்தள அறையை முன்பதிவு செய்தவர் கடல் தெரியும் என்று நம்பி வருவார். ஒவ்வொரு வகைக்கும் அந்த வகை அறையில் எடுத்த படம் மட்டும் இருக்கட்டும். ஜன்னல் இல்லாத அறை என்றால் ஜன்னல் இல்லாமலே இருக்கட்டும்.

எடிட்டிங்கில் எதை நீக்கலாம் என்பதற்கு என் அளவுகோல்: விருந்தினர் வரும்போது அது அங்கே இருக்குமா? தரையில் கிடந்த இலை, சுவரில் பட்ட கைத்தடம், அன்று நின்ற லாரி ஆகியவற்றை நீக்கலாம். மின்கம்பம், எதிர்க் கட்டடம், கூரையில் படிந்த ஈரக்கறை ஆகியவற்றை நீக்கக் கூடாது. கறையை வெள்ளையடித்து நீக்குங்கள், பிறகு எடுங்கள். சாம்பல் வானத்துக்குப் பதில் நீல வானம் ஒட்டுவது எல்லைக்கோட்டில் இருக்கிறது. நல்ல நாளுக்குக் காத்திருப்பதே என் விருப்பம்.

படம் எடுத்த பிறகு திரைச்சீலை மாறியிருக்கும், மெத்தை மாறியிருக்கும், குளத்தின் நாற்காலிகள் வெளுத்திருக்கும். மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டாம். முதல் முறை எடுக்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் அறை எண், கேமரா நின்ற இடம், உயரம், லென்ஸ் மி.மீ., எடுத்த நேரம், எரிந்த விளக்குகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறையில் எது மாறுகிறதோ அந்தப் படத்தை மட்டும் அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்துப் பழையதை எடுத்துவிட்டு ஏற்றலாம், பக்கத்துப் படங்களோடும் ஒட்டிப் போகும்.